அண்ணன் ட்ரெய்லரில் இருந்தார்

கினிகத்தேனையைத் தாண்டி நாவலப்பிட்டிப் பக்கம் இறங்கும்போதுதான் வேனின் ஹோர்ன் கேட்டது. ஒரு தடவை அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு தடவை அடித்தால் எல்லாம் சரி என்று காலையில் பேசி வைத்திருந்தோம். இது இரண்டும் இல்லை. விடாமல் அலறியது.

வேன் எங்களுக்குப் பின்னால் ட்ரெய்லரில் இருந்தது. வேனுக்குள் அண்ணன் இருந்தார்.

பொகவந்தலாவையில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கும் வேன் அது. எஞ்சின் இறுகிப்போய் மூன்று வாரமாக நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. பிள்ளைகள் மழையில் நடந்து போனார்கள். ஹட்டனில் பார்த்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். குருநாகலில் ஒரு பட்டறையில் மட்டும் கொண்டு வரச் சொன்னார்கள். அவ்வளவு தூரம் கயிறு கட்டி இழுக்க முடியாது என்பதால் ட்ரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ஜீப் மாமாவுடையது. தோட்டத்துக் கொழுந்து லொறியை முப்பது வருஷம் ஓட்டியவர் அவர்.

கொழுந்து லொறியில் பாரம் ஏற்ற ஒரு முறை உண்டு. மழை நாளில் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது பின்சக்கரம் வழுக்கும். அதனால் கனமான சாக்குகளைப் பின்னால்தான் அடுக்குவார்கள். அந்தச் சாக்குகளின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்து வருவார். ஏதாவது சரிந்தால் தட்டிச் சத்தம் கொடுப்பது அவர் வேலை. மாமா வேனையும் அப்படித்தான் ஏற்றினார். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால், வேனைத் திருப்பிப் பின்பக்கமாகத் தள்ளி ஏற்றச் சொன்னார். கனமெல்லாம் ட்ரெய்லரின் வால் பக்கம் வந்தது. சாக்குக்காரரைப் போல அண்ணன் வேனின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ட்ரெய்லர்க்காரர் ஒரு தாள் கொடுத்திருந்தார். சிங்களத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. எங்கள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பாரம் முன்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ட்ரெய்லர் ஆடும், ஏற்றிய வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று தெளிவாகவே போட்டிருந்தது.

"மாமா, கனம் முன்னுக்கு இருக்கணுமாம். இதுல போட்டிருக்கு."

வேனைத் தள்ள வந்தவர்கள் சிரித்தார்கள்.

"வாத்தியாரே, ட்ரெய்லருக்கும் பரீட்ச வைக்கிறீங்களா?" என்றார் மாமா. "நீங்க பொறக்க முந்தியே நான் லோடு ஏத்தினவன். பேப்பர் எழுதினவன் பொகவந்தலாவ ரோட்ட பாத்திருக்கானா?"

"ஜீப்புக்குப் பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதே மாமா."

"அது பழைய ஸ்பிரிங்கு. ஒங்க அத்த மாதிரி, எப்பவும் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கும்."

மறுபடியும் சிரிப்பு. நான் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். முப்பது வருஷம் ஓட்டியவர் அவர். நான் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை.

ஹட்டன் வரை ஒன்றும் ஆகவில்லை. வளைவுகளில் மெதுவாகத்தான் போனோம். கினிகத்தேனைக்குப் பிறகு இறக்கத்தில் கொஞ்சம் நேரான ரோடு வந்தது. மாமா வேகம் எடுத்தார். முதலில் ஜீப்பின் பின்பக்கத்தை யாரோ பிடித்து ஆட்டுவது போல ஒரு சின்ன அசைவு. பிறகு பெரிய அசைவு. கண்ணாடியில் ட்ரெய்லர் ஒருமுறை இடது பக்கம் முழுதாகத் தெரிந்தது, அடுத்த கணம் வலது பக்கம் தெரிந்தது. அப்போதுதான் அந்த ஹோர்ன். இடது பக்கம் பள்ளம். கீழே தேயிலை, அதற்கும் கீழே ஆறு.

மாமா பிரேக்கை மிதித்தார். ஆட்டம் இரண்டு மடங்கானது.

"பிரேக்க விடுங்க மாமா! மிதிக்காதீங்க!"

"விட்டா எங்கடா போயி நிக்கும்?"

"கால எடுங்க! ஸ்டியரிங்க நேரா புடிங்க! திருப்பாதீங்க!"

அதுவும் அந்தத் தாளில் இருந்ததுதான். எனக்கு அந்த வரிகள் மனப்பாடமாக இருந்தன. மாமா என்னைப் பார்க்கவில்லை, ஆனால் காலை எடுத்துவிட்டார். அவர் உதடு முருகா முருகா என்று அசைந்தது. நான் கண்ணாடியில் வேனின் பின்கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அந்தப் பக்கம் அண்ணன் என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. கதவைத் திறந்து குதித்துவிடுவாரோ என்று நினைத்தேன். குதித்தால் சக்கரத்துக்கு அடியில்தான் விழுவார். "குதிக்காதீங்கண்ணே, குதிக்காதீங்கண்ணே" என்று மூடிய ஜீப் ஜன்னலுக்குள் கத்தினேன். ஹோர்ன் கேட்கும் வரை உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். திடீரென்று ஹோர்ன் நின்றது.

அதற்குப் பிறகு நூறு மீட்டர் இருக்கும். ரோடு கொஞ்சம் ஏறியது, ஆட்டம் குறைந்தது, ஒரு கடைக்கு முன்னால் ஜீப் நின்றது. நான் ஓடிப்போய் வேனின் கதவைத் திறந்தேன். அண்ணன் சீட்டில்தான் இருந்தார். ஹோர்னை விட்டுவிட்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்திருந்தார். விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். இறங்கி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குப் பக்கத்தில் குந்தி வாந்தி எடுத்தார்.

கடைக்காரரும் பின்னால் வந்த பஸ்ஸில் இருந்த சிலரும் உதவிக்கு வந்தார்கள். வேனை இறக்கி, கையால் திருப்பி, முன்பக்கமாக ஏற்றினோம். இந்தத் தடவை எங்கே நிறுத்துவது, எந்தப் பட்டியை எங்கே இறுக்குவது என்று நான் சொன்னேன். மாமா நான் காட்டிய இடத்தில் இறுக்கினார். சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிந்தவர் எழும்பவே நேரம் எடுத்தார்.

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"காலையிலயே தெரியுமா ஒனக்கு?"

"சொன்னேன்ணே."

"ஒரு தடவ சொன்ன."

"மாமா கோவிச்சுக்குவாருன்னு… எல்லாரும் சிரிச்சாங்க."

"சிரிச்சா? ஜீப்புக்கு முன்னால விழுந்து படுத்திருக்கலாம்லடா. அந்தத் தாள்ல என்னா இருக்குன்னு எனக்கு என்னா தெரியும்? ஒனக்குத்தானடா தெரியும்."

அவர் சத்தம் போடவில்லை.

ஜீப்பில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தார். கம்பளை வரும்வரை முன்னால் இருந்த கம்பியை விடவில்லை. வேனுக்குள் யாரும் இல்லை என்று தெரிந்தும் நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.