எங்கள் தாத்தா நிற்கும் படம்

என்னோடு ஐந்தாம் வகுப்பில் படித்த பெரிய வீட்டுப் பெண்ணின் கொள்ளுத்தாத்தா பெயரில் எங்கள் ஊரில் ஒரு தெரு, ஒரு வளைவு, ஒரு பேருந்து நிறுத்தம் எல்லாம் இருந்தன. சிதம்பரத்திலிருந்து வரும் மினிபஸ்ஸில் நடத்துநர் அந்தப் பெயரைக் கத்தினால், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்பதுபோல அவள் எழுந்திருப்பாள். அந்த நிறுத்தத்தில் இறங்கப் பிடிக்காமல் நான் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடப்பேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வகுப்பில் முதல் மார்க்கும் நான்தான். ஆனால் மார்க்கை எந்த வளைவிலும் எழுத மாட்டார்கள்.

ஊர் வரலாறு தெரிந்துகொள்ள டீச்சர் எங்களை அவள் வீட்டுக்கே அழைத்துப் போனார். கூடத்தில் ஒரு பழைய படம். வாய்க்கால் மதகு திறப்பு விழா. கொள்ளுத்தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சட்டையில்லாத ஒருவர் அவருக்குக் குடை பிடித்திருந்தார். மற்றவர்களெல்லாம் தள்ளி நின்றார்கள்.

அவளுடைய தாத்தா என் அப்பா யாரென்று விசாரித்துவிட்டு, படத்தைக் காட்டினார். “கொட புடிச்சிக்கிட்டு நிக்கிறான் பாரு, அவன்தான் உங்க அப்பனோட தாத்தன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரிலேயே பெரிய மனிதருக்கு அத்தனை பக்கத்தில் எங்கள் ஆள்! அவள் முகம் சுருங்கியதுபோல இருந்தது. “கொடதானடி புடிச்சாரு,” என்றாள். “எங்க தாத்தா இல்லன்னா உங்க தாத்தா வெயில்ல கறுத்துப் போயிருப்பாரு,” என்றேன். டீச்சர் எங்கள் இருவரையும் வாசலுக்கு அனுப்பினார்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று நின்றே காட்டினேன். சிதம்பரம் ஸ்டுடியோவில் கொடுத்து நமக்கும் ஒன்று போட்டு வரச் சொன்னேன். டிவிக்கு மேலே மாட்டலாம்.

“நாக்காலி எத்தன இருந்துச்சு?” என்றார் அப்பா.

“ஒண்ணுதான்ப்பா. அதுல அவரு ஒக்காந்திருந்தாரு.”

அப்பா பாதிச் சோற்றிலேயே கை கழுவினார். சாப்பிடும் நேரத்தில் பேச இதுதான் கிடைத்ததா என்று அம்மா என்னை அதட்டினாள். நான் கேட்டு அப்பா இல்லையென்று சொன்ன பொருள் கிடையாது. படம் போட ஜாஸ்தி செலவாகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தாத்தாவைக்கூட அவள் வீட்டுச் சுவரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாளே என்று அவள்மேல் இன்னும் பொறாமையாக இருந்தது.