தரைராணியின் நான்கு கத்திகள்

எங்கள் கம்பெனியில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் தரைராணி. உயரமான கட்டடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கியபடி துடைக்கிற எங்கள் இருபத்திரண்டு பேருக்கும் கயிறு, பெல்ட், கையுறை, வாளி எல்லாம் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். ஆனால் அவர் ஏணியில் இரண்டாவது படிக்கு மேல் ஏற மாட்டார். மேல் தட்டில் இருக்கிற பெட்டியை இழுக்க ஒரு நீளக் குச்சியில் கொக்கி கட்டி வைத்திருந்தார். அந்தப் பெயரை வைத்தவன் நான். அப்போது அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

போன வருடம் எங்களில் ஒருவர், நெட்டையன் என்று நாங்கள் கூப்பிடுகிறவர், ஒன்பதாவது மாடி உயரத்தில் மாட்டிக்கொண்டார். கயிற்றைக் கவ்வி மெல்ல மெல்ல ஆளை இறக்குகிற பூட்டு ஒன்று எங்கள் வயிற்றுக்கு நேரே இருக்கும். அதற்குள் அவர் சட்டையின் ஓரம் சிக்கி, இழுபட்டு இழுபட்டு நெஞ்சை இறுக்கிவிட்டது. ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. துணியை அறுத்தால் போதும். பையில் கத்தியும் இருந்தது; மடக்குக் கத்தி. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் நகத்தை விட்டு அதைத் திறக்க முக்கால் மணி நேரம் போராடியிருக்கிறார். நாங்கள் மேலிருந்து போய்ச் சேர்ந்தபோது முகம் நீலம் பாரித்திருந்தது. உயிர் பிழைத்தார். இடது கைக்கு மட்டும் பழைய பலம் திரும்பவில்லை. இப்போது வாசலில் உட்கார்ந்து வருகைப் பதிவு பார்க்கிறார்.

அந்த மடக்குக் கத்தியைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டவர் தரைராணி. அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே கத்தியை நாங்கள் ஆளுக்கு ஆயிரம் தடவை திறந்து மூடியிருக்கிறோம், என்ன குறை சொல்ல? ஆனால் தினமும் காலையில் வாசலைக் கடக்கும்போது அவர் நெட்டையனை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

இனிமேல் மடங்காத சின்னக் கத்திதான், அதையும் நெஞ்சுப் பட்டையிலேயே மாட்டிக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. மாதிரிக்கு நான்கு ரகக் கத்திகள் வந்தன, ரகத்துக்கு இரண்டாக. நான்கும் அண்ணன் தம்பி போல ஒரே சாயல். அலகு மூன்று விரல் நீளம், கைக்கு அடக்கமான பிடி, கெட்டியான பிளாஸ்டிக் உறை.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. ஏதாவது ஒண்ணுல கையெழுத்து போடுங்க, நாளைக்கே ஆர்டர் போட்டுடலாம்" என்றார் மேனேஜர்.

"எனக்கு நாப்பது நாள் வேணும் சார்" என்றார் தரைராணி.

"நாலு கத்திக்கு நாப்பது நாளா?"

"ஒரு கத்திக்குப் பத்து நாள் சார்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நானாக இருந்தால் நாற்பது நிமிடம்கூட அதிகம்.

அவர் ஒவ்வொன்றையும் பத்து நாள் இடுப்பிலேயே வைத்திருந்தார். வீட்டில் காய் நறுக்கியதும், பார்சல் பிரித்ததும், பால் பாக்கெட் வெட்டியதும் அந்தக் கத்திதான். அவருடைய வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். ஒருநாள் சாப்பாட்டுக் கூடையைக் கொடுக்க வந்தவர் எங்களிடம் அலுத்துக்கொண்டார்: "வீட்ல வாயைத் திறக்கவே பயமா இருக்குப்பா. எதிர்ல கத்தியோட உக்காந்திருக்கா." மகளுக்கு அதைவிடப் பெரிய கவலை. பள்ளிக்கூட விழாவுக்கும் அம்மா இடுப்பில் கத்தியோடு வந்துவிடுவாரோ என்று. வந்தார், முந்தானையால் மறைத்துக்கொண்டு.

நாலாவது கத்தி சோப்புத் தண்ணீரில் ஒரே வாரத்தில் துருப்பிடித்தது. அது போயிற்று. முதல் கத்திக்கு ஊசி முனை. கண்ணை மூடிக்கொண்டு உறையில் திருப்பிப் போடும்போது இரண்டு முறை அவர் இடுப்பிலேயே குத்திவிட்டது. அதுவும் போயிற்று. மிஞ்சியவை இரண்டும் மூன்றும்.

இரண்டாவது கத்தி எங்கள் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. வழுக்காத கறுப்புப் பிடி. உறையில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால்தான் கத்தி வெளியே வரும். தலைகீழாக ஆட்டினாலும் விழாது. மூன்றாவதைப் பார்க்கவே பிடிக்காது. மங்கிய மஞ்சள் நிறம், மழுங்கிய மூக்கு, பிடியின் அடியில் கயிறு கோக்க ஒரு வளையம். நாக்கு, கீக்கு ஒன்றும் கிடையாது. இழுத்தால் வந்துவிடும்.

"இது கீழ போற எவன் தலையிலாவது விழும்க்கா, அப்புறம் நாமதான் கம்பி எண்ணணும்" என்றேன்.

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த வாரம் சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்றாவது கத்தியை நெஞ்சில் மாட்டி, ஐந்நூறு தடவை ஸ்கிப்பிங் ஆடியிருக்கிறார். நாற்பத்தாறு வயது, மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிற உடம்பு. கத்தி அசையவில்லை. அதற்குப் பிறகும் வளையத்தில் ஒரு கயிற்றைக் கோத்துப் பட்டையோடு சேர்த்துக் கட்டினார். கட்டிய கயிறு கத்தியை உருவி வெட்டத் தோதான நீளம். அதற்கு மேல் ஒரு விரல் நீளம் கிடையாது.

ஆனாலும் முடிவு வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இருபத்திரண்டு பேரும் இரண்டு கத்தியையும் ஈரக் கையுறையோடு உருவிக் காட்டினோம். யாருக்கும் எதுவும் சிக்கவில்லை. எல்லோரும் இரண்டாவதுக்கே கை தூக்கினோம். நாற்பதாவது நாள் காலையில் அவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, என்னை மேல தூக்கி நிறுத்துவியா?"

காதில் சரியாகத்தான் விழுந்தது. நம்பத்தான் முடியவில்லை.

எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் கயிறு கட்டினோம். ஆளுக்கு இரண்டு கயிறு, ஒன்று தொங்க, ஒன்று காவலுக்கு. பக்கத்துக் கயிற்றில் நான். கீழே நான்கு பேர் நின்று, கிணற்று வாளியை இழுப்பது போல அவரை மெதுவாக நாலாவது மாடி வரை தூக்கினார்கள். முதல் மாடி தாண்டும்போதே கண்ணை மூடிக்கொண்டார். உதடு வெளுத்துப் போயிற்று. முழங்கால் இரண்டும் கண்ணாடியில் தடதடவென்று அடித்துக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கையுறையில் சோப்புத் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஏழு நிமிஷம்க்கா. போதும், இறக்கச் சொல்றேன்."

"அரை மணி ஆகட்டும்."

அந்த அரை மணி நேரத்தில் எனக்கே வேர்த்துவிட்டது. பதினாறு வருடமாகத் தொங்குகிறேன், ஒரு மனுஷி பயப்படுவதை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இறக்கு என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வரவில்லை.

இரண்டு கத்தியையும் நெஞ்சுப் பட்டையில் மாட்டியிருந்தார்; நேரம் வந்ததும் இரண்டாவதன் மேல் கை வைத்தார். கட்டைவிரல் நாக்கைத் தேடியது, வழுக்கியது. மறுபடி தேடியது. அழுத்தினார், ஆனால் இழுக்கவில்லை. இழுத்தார், ஆனால் விரல் நாக்கை விட்டுவிட்டது. பதினொரு தடவை, நான் எண்ணினேன். கத்தி வரவில்லை.

அதே ரகத்தில் இன்னொன்று என் நெஞ்சில் இருந்தது; அதை டக்கென்று உருவிக் காட்டினேன். "இதோ வருதேக்கா! கீழ நீங்களே எத்தனை தடவை எடுத்தீங்க?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "உனக்கு வரும் தம்பி. உங்க இருபத்திரண்டு பேருக்கும் வரும். மேல வந்தா உங்களுக்குத்தான் பயமே இல்லையே. அன்னிக்கு நெட்டையனுக்கும் கீழ நல்லாத்தான் திறந்துச்சு. பயந்துபோன கைக்கு வருதான்னு பார்க்கணும்னா, நம்ம கம்பெனில என் கை ஒண்ணுதான் இருக்கு."

 ஏணிக்கே பயந்தவர் என்று எந்தப் பயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோமோ, அதையே தூக்கிக்கொண்டு நாலாவது மாடிக்கு வந்திருக்கிறார், எங்களுக்காக.

"சரிக்கா, தெரிஞ்சுபோச்சு. இறங்கலாம்."

"மூணாவதையும் பார்க்கணும். இப்ப இறங்கினா இந்த ஜென்மத்துல மறுபடி ஏற மாட்டேன்."

மஞ்சள் கத்தியைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. தன் பூட்டுக்குப் பக்கத்தில், இறுகி நிற்கிற கயிற்றிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஒரு பழைய சட்டைத் துண்டைப் பட்டையில் தைத்து வைத்திருந்தார். நடுங்குகிற கையால் அதை அறுத்தார். இரண்டு முறை கத்தியின் மழுங்கல் மூக்கு கயிற்றில் இடித்தது. கயிற்றில் ஒரு இழைகூடப் பிரியவில்லை. துணி அறுந்து கீழே விழுந்தது.

அப்போதுதான் அழ ஆரம்பித்தார். சின்னப் பிள்ளை மாதிரி, ஓவென்று, நாலு மாடியும் அழுதுகொண்டே இறங்கினார். நானும் பக்கத்திலேயே இறங்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கீழே வாசலை விட்டுவிட்டு நெட்டையன் வந்து நின்றிருந்தார். அவர்தான் வலது கையால் ஒவ்வொரு பட்டையாக அவிழ்த்துவிட்டார். தரைராணி அவரை நிமிர்ந்து பார்த்தார். நின்ற இடத்திலேயே ஆர்டர் தாளைக் கேட்டு வாங்கி, மூன்றாவது கத்திக்குக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அந்தத் தாள் ஆபீஸிலிருந்து திரும்பி வந்தது. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, மறுபடி போட்டு அனுப்பவும் என்று எழுதியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

தரைராணி என்னை உட்கார வைத்தார். தாளை அப்படியே மடித்து, வந்த கவரிலேயே போட்டு, என்னிடமே நீட்டினார்.

"சண்டை எல்லாம் வேண்டாம் தம்பி. இதான் என் கையெழுத்துன்னு மட்டும் சொல்லு. போன தடவை மடக்குக் கத்திக்கு ரொம்ப அழகாத்தான் போட்டேன்."