பாவாடை நாடாத் தழும்பு

என் வீட்டுக்காரர் வேணுவுக்கு எலி பிடிக்கிறதுதான் வேலை. சிரிக்காதீங்க, சம்பளம் வர்ற வேலை. திருத்தணி சுத்துவட்டாரத்துல காய்ச்சல் ஆராய்ச்சி பண்ற டாக்டருங்க மூணு வருஷமா இவரை வேர்க்கடலைக் கொல்லைங்களுக்குக் கூண்டோட அனுப்பிகினு இருக்காங்க. கூண்டுல வைக்கற மசால் வடை நான்தான் சுடுவேன். எலிக்குப் போக மிச்சம் எங்களுக்கு.

காலைல மாட்டின காட்டெலியோட காதை டாக்டர் சீப்பு போட்டு வாருவாரு. மிளகாப்பொடி மாதிரி செவப்பா பூச்சி உதிரும். அந்தப் பூச்சி புல்லுல இருந்து ஏறி மனுஷனைக் கடிச்சா காய்ச்சல் வருமாம். கடிச்ச எடத்துல பீடி சுட்டாப்பல கருப்பா ஒரு பொருக்கு நிக்குமாம். இதை இவரு தெருத்தெருவா சொல்லிகினு போவாரு. வீட்லயும் சொன்னாரு. நான்தான் வடைக்குப் பருப்பு அரைச்சுகினு இருந்தேன், காதுல வாங்கல.

போன கார்த்திகைல எனக்குக் காய்ச்சல். எட்டு நாள். ரெண்டு டாக்டர் பார்த்து ஊசி போட்டும் எறங்கல. மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் பொழைக்க மாட்டேன்னு எனக்கே தோணிடுச்சு. பயந்துட்டேன். அப்பதான் இவரு கிட்ட வந்து உக்காந்தாரு.

"தமயந்தி, உடம்புல எங்கனா கருப்பா பொருக்கு இருக்குதா?"

"ஒண்ணும் இல்ல, போங்க."

"நாடாவ அவிழு, நானே பாக்கறேன்."

"ஊர்ல இருக்கற எலிக்கெல்லாம் காது பாத்துட்டு, இப்பதான் பொண்டாட்டி ஞாபகம் வந்துச்சா?"

பாவாடை நாடா இறுக்கற எடம் எங்க எல்லாருக்குமே கருத்துத்தான் கெடக்கும். அதை யாரு பாக்கறா, டாக்டர்கிட்ட யாரு காட்டறா? அங்கதான் இருந்துச்சு, துவரம்பருப்பு அளவுக்கு. இவரு போயி சொன்னதும் எலி டாக்டருங்க அன்னிக்கே மாத்திரையை மாத்திக் குடுத்தாங்க. ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கிடுச்சு.

எழுந்து உக்காந்து கஞ்சி குடிக்கறப்போ குப்பம்மாள் ஞாபகம் வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரி, மாட்டுக்குப் புல்லறுக்க என்கூடதான் வருவா. அதே கொல்லைங்க. அதுக்கு முந்தின வருஷம் காய்ச்சல்ல செத்துப்போனா. டைபாய்டுன்னாங்க, நாங்களும் நம்பினோம்.

சாவறதுக்கு நாலு நாள் முன்னாடி அவளுக்கு உடம்பு தொடச்சு விட்டது நான்தான். இடுப்புல கருப்பா ஒண்ணு இருந்துச்சு. "நாடா அறுத்துடுச்சுடி"ன்னு நானே சொல்லி, தேங்காண்ணெய் தடவி, நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிவிட்டேன்.

இன்னிக்கும் அவ பொண்ணு கவிதா என்னைப் பாத்தா, "எங்கம்மாவ கடைசில நீங்கதான் நல்லா பாத்துகினீங்க, பெரிம்மா"ங்கறா. ஆங்னு தலையாட்டிட்டு வந்துடறேன்.