ஓடுகிற இஞ்சினைப் பிரிப்பதா

என் வீட்டுக்காரருக்குத் திருத்தணியில் அரிசி மில் இருந்தது. மில்லின் ஆயில் இஞ்சினை அவர் வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துச் சாக்கின்மேல் பரப்பிவிடுவார். பேரிங் தேய்ந்திருந்தால் மாற்றுவார், வால்வு கசிந்தால் தேய்ப்பார், மாலைக்குள் மறுபடி ஓடவிடுவார். அதற்காக ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப் போட்டதில்லை. அதே மனிதர் எங்கள் காரின் இஞ்சினைப் பிரிப்பதா வேண்டாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தார். பனிக்காலம் வந்தும் யோசனை தீரவில்லை.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். பட்டணத்தில் ஒரு துரை, கப்பலேறும் அவசரத்தில் விற்ற கார் அது. நீண்ட மூக்கு, மடக்கி வைக்கிற துணிக்கூரை. இரண்டு பேர் சௌகரியமாகவும் மூன்றாவது ஆள் மனஸ்தாபத்துடனும் உட்காரலாம். வேகத்துக்கென்றே செய்த வண்டி. துரை அதைப் பெங்களூருக்கும் ஊட்டிக்குமாக விரட்டியதில், மைல் காட்டும் எண்கள் ஒன்பதுகளையெல்லாம் தாண்டிப் பூஜ்யமாகி, மறுபடி முதலிலிருந்து கிளம்பியிருந்தன. சாவியைக் கொடுக்கும்போது துரை பெருமையாகச் சொன்னாராம்: "இந்த இஞ்சினின் அடிப்பாகத்தை இதுவரை யாரும் திறந்ததே இல்லை."

அந்த ஒரு வாக்கியத்தை என் வீட்டுக்காரர் வீடு வரைக்கும் சுமந்து வந்தார். பிறகு இறக்கி வைக்கவே இல்லை.

"அடிப்பாகத்துல இன்னாங்க கீது?" என்று கேட்டேன்.

"சைக்கிள் மிதிக்கறத நெனச்சுக்கோ. கால் மேலயும் கீழயும் போவுது, சக்கரம் சுத்துது. இஞ்சின்ல அந்தக் கால்தான் ராடு. கால் வந்து மிதிகட்டையில படற எடத்துல ஒரு செருப்பு கீதுன்னு வெச்சுக்கோ, அதான் பேரிங். உள்ளுக்குள்ள மெல்லிசா ஈயம் மாதிரி ஊத்தி வெச்சிருப்பாங்க."

"தேஞ்சா?"

"தேஞ்சா தட்டும். அப்பவும் வுட்டா, ராடு ஒடிஞ்சு இஞ்சின் வயித்தக் கிழிச்சிகினு வெளிய வரும்."

"இப்போ தட்டுதா?"

"இல்லியே! அதான் பயமா கீது."

இப்படித்தான் ஆரம்பித்தது. வண்டி புலிபோல் கிளம்பியது, சீராக ஓடியது, புகைகூட இல்லை. அவரோ திருப்புளியின் நுனியை இஞ்சின்மேல் வைத்து, மரப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடி நிற்பார். ஒன்றும் கேட்காது. ஒன்றும் கேட்கவில்லை என்ற கவலையோடு சாப்பிட வருவார்.

அரக்கோணத்தில் ஒரு மேஸ்திரி இருந்தார். ரயில்வே பட்டறையில் இருந்து விலகி, சொந்தமாகக் கொட்டகை போட்டிருந்தவர். அவரை அழைத்து வந்து காட்டினோம். வண்டியைச் சுற்றி வந்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"பிரிச்சாதாங்க தெரியும். நல்லா இருந்துச்சுன்னா வீணா பிரிச்சோமேன்னு இருக்கும். பிரிக்காம வுட்டு ஒடஞ்சுதுன்னா, பிரிச்சிருக்கலாமேன்னு இருக்கும்."

"நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றார் இவர்.

"என் வண்டின்னா நானும் உங்கள மாதிரிதாங்க நின்னுகினு இருப்பேன்."

எதிர்க்கட்சிக்குத் தலைவர் என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரைப் பாவா என்பேன். பொதட்டூர்பேட்டையில் லுங்கி வாங்கிப் பட்டணத்தில் விற்பவர். வாரம் தவறாமல் எங்கள் வீட்டில் தங்கி ரயிலேறுவார். கார் ஓட்டத் தெரியாது, ஆனால் கருத்து இருந்தது. "ஓடற இஞ்சினப் பிரிக்கறதா? ஆண்டவன் கட்டின கட்டு மாதிரி அது. ஒரு தபா அவுத்தா மறுபடி அப்படி அமையாது!" என்பார். இவர் பதில் சொல்வார். இருவரும் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஆரம்பித்தால் மோர் சாதம் வரைக்கும் பேரிங்தான்.

முடிவு எடுக்க முடியாததால் இவர் ஓர் இடைவழி கண்டுபிடித்தார். மெதுவாக ஓட்டுவது. பெட்ரோல் கூப்பனில் கிடைத்த காலம், அதனால் காரணம் சொல்லவும் வசதியாக இருந்தது. அம்மையார்குப்பத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். ஊரிலேயே வேகமான கார். நான் பட்டுப்புடவை கட்டி, காற்றில் கலையுமென்று தலையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தேன். காற்று வந்தால்தானே கலையும்! பின்னால் தறிக்குப் பாவு நூல் மூட்டை கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து எங்களை முந்திப் போனார். போகும்போது, "ரிப்பேருங்களா?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

இவர் சாலையைக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, ஒண்ணு பிரிங்க. இல்லாட்டி வித்துட்டு மாட்டு வண்டி வாங்குங்க. மாடாவது நடுநடுவுல ஓடும்" என்றேன். அவர் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

எனக்கும் ஓட்டத் தெரியும். கோடையில் ஏரி காய்ந்து கிடக்கும்போது அவரே கற்றுக்கொடுத்தார். அப்போது எங்கள் ஜில்லாவின் தலைநகரான சித்தூருக்குப் போய் லைசென்ஸும் வாங்கினேன். அங்கே அதிகாரி தெலுங்கில் கேள்வி கேட்டார், நானும் தெலுங்கிலேயே சொன்னேன். கே.ஜி.கண்டிகையில் எங்கள் அப்பாவின் நிலத்தில் முரட்டு மாடு பூட்டிய வண்டியையே ஓட்டிப் பழகியவளுக்குக் கார் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சொல் பேச்சாவது கேட்டது.

தை மாதத்தில் இவருக்குக் குளிர்ஜுரம் வந்து படுத்தார். பாவா வழக்கம்போல வந்து தங்கி, காலையில் ரயிலேறக் கிளம்பினார். கிளம்பும் வழியில் கட்டிலருகே நின்று, "தம்பி, நான் சொல்றதக் கேளு, அந்த இஞ்சின..." என்று ஆரம்பித்தார். இவர் போர்வைக்குள்ளிருந்தே மறுப்புச் சொன்னார். பாவா பையைக் கீழே வைத்தார். பேச்சு சூடு பிடித்தது. அப்போது ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் கிளம்பும் ஊதல் கேட்டது.

பாவாவின் முகம் வெளுத்துவிட்டது. அரக்கோணத்தில் இறங்கிப் பட்டண வண்டியைப் பிடித்து, அன்றே ஒரு பெரிய வியாபாரியைப் பார்த்தாக வேண்டும். விட்டால் அந்த வருஷத்துச் சரக்கு முழுவதும் அக்கா வீட்டு அறைகளில்தான் தூங்கும்.

"நான் கொண்டு போய் வுடறேன் பாவா" என்றேன்.

இவர் போர்வையிலிருந்து தலையை நீட்டினார். "மெதுவா!" என்றார்.

"மெதுவா போறதுக்கு பாவா நடந்தே போய்டுவாரு" என்று சாவியை எடுத்துக்கொண்டேன்.

மாதிரிச் சரக்கு முன்பே ரயிலில் போய்விட்டது. பாவாவிடம் இருந்தது ஒரு துணிப்பையும் தண்ணீருக்கு ஒரு பித்தளைக் கூஜாவும்தான். கூஜாவைக் காலடியில் வைத்துக்கொண்டு, தலைப்பாகையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைத்தெருவைத் தாண்டும் வரை மரியாதையாக ஓட்டினேன். அரக்கோணம் சாலை நேராக விரிந்ததும் மிதித்தேன்.

அந்த இஞ்சினுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அடித்தொண்டையில் உறுமி, பிறகு பாடத் தொடங்கியது. புளியமரங்கள் இரு பக்கமும் ஓடின. என் தலைத்துணி அவிழ்ந்து பறந்தே போய்விட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளை ஓட்டுகிறாள் என்பது அவர்களுக்கு உறைப்பதற்குள் நான் அடுத்த வயலில் இருந்தேன். இச்சிபுத்தூர் பக்கம் தூரத்தில் புகை தெரிந்தது. ரயில் ஸ்டேஷனில் நின்று கிளம்பிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைக் கடந்தோம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பாவா சிரிக்கவில்லை. "ஏம்மா... இன்னமோ தட்டுதே!" என்றார்.

உற்றுக் கேட்டேன். டக், டக், டக். காலடியிலிருந்து. வேகம் கூடினால் கூடியது, குறைந்தால் குறைந்தது. முள்ளைப் பார்த்தேன், அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"பேரிங்கும்மா அது! வயித்தக் கிழிச்சிகினு வரும்னு தம்பி சொல்லுச்சே! நிறுத்து! வேணாம், நிறுத்தாத, ரயிலு பூடும்! ஐயோ, பிரிச்சிருக்கலாமேம்மா!"

அந்தத் தட்டலோடேயே அரக்கோணம் போய்ச் சேர்ந்தோம். பாவா பையையும் கூஜாவையும் வாரிக்கொண்டு இறங்கி ஓடினார். ஸ்டேஷன் வாசலிலிருந்து திரும்பிக் கத்தினார்: "தம்பிகிட்ட சொல்லும்மா, நாளைக்கே பிரிக்கச் சொல்லு!"

நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். தட்டல் இல்லை. கொஞ்சம் வேகம் கூட்டினேன். இல்லை. இச்சிபுத்தூர் தாண்டும்போதுதான் விளங்கியது. தட்டல் பாவாவோடு இறங்கி ரயிலேறிவிட்டது. கூஜாவின் கைப்பிடி கதவுத் தகட்டில் இடித்த சத்தம் அது.

வீட்டுக்கு வந்து இவரிடம் நடந்ததைச் சொன்னேன். ரயிலைக் கடந்ததைச் சொன்னபோது ஜுரத்திலும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கூஜாவைச் சொன்னபோது இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கூரையைப் பார்த்தார்.

"கூஜா தட்டனத பேரிங்குன்னு நெனச்சீங்க" என்றார்.

"ஆங்."

"நாளைக்கு பேரிங் தட்டனா கூஜான்னு நெனச்சிப்போம். காத நம்பி ஓட்ட முடியாது. பிரிச்சிடலாம்."

மழைக்காலம் முழுவதும் வராத முடிவு ஒரு கஞ்சி டம்ளர் ஆறுவதற்குள் வந்துவிட்டது.

ஜுரம் விட்டதும் மேஸ்திரியை வரவழைத்தார். மில் கொட்டகையில் வண்டியைக் கட்டைமேல் ஏற்றி, அடித்தொட்டியை இறக்கினார்கள். எண்ணெயில் கலந்திருந்த உலோகத்தூள் வெயிலில் ஜரிகைபோல் மின்னியது. மேஸ்திரி அதை விரலில் தொட்டுப் பார்த்து இவர் பக்கம் நீட்டினார். நாலு பேரிங்கில் மூன்று பளபளவென்று, இன்னும் பல வருஷம் ஓடும்போல இருந்தன. நாலாவதில் ஈயப்பூச்சு ஏரிச்சேறு காய்ந்ததுபோல வெடித்திருந்தது. நகக்கண் அளவு சில்லு ஒன்று கழன்று, விழ வேறு இடமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. மேஸ்திரி தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

அன்று ரயிலைக் கடந்தபோது சிரித்துக்கொண்டிருந்தேனே என்று நினைத்தேன்.

"நீ ஓட்டின ஓட்டத்துல வெடிச்சிருக்கும்" என்றார் இவர்.

"நீங்க மெதுவா மெதுவான்னு மேல் கியர்ல முக்க முக்க ஓட்டினீங்களே, அதுல வெடிச்சிருக்கும்" என்றேன்.

மேஸ்திரியைப் பார்த்தோம். "துரை ஓட்டினதுலயே வெடிச்சிருக்கலாங்க" என்றார். அவருக்கு எங்கள் இருவரின் தயவும் வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் வந்த பாவாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நான்தானே சொன்னேன்! என் காதுல வுழுந்துச்சே!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அது கூஜா என்று நான் சத்தியம் செய்தேன். கூஜாவைக் கதவில் இடித்தும் காட்டினேன். "இது வேற சத்தம்மா. அது இஞ்சின் சத்தம்" என்று முடித்துவிட்டார். அந்த நாளிலிருந்து அவர் எந்த வண்டியில் ஏறினாலும் தலையைச் சாய்த்துக் கேட்டு, டிரைவருக்குத் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

மேஸ்திரி நாலு பேரிங்குக்கும் புதிதாக உலோகம் ஊற்றி, சுரண்டிச் சுரண்டிப் பொருத்தினார். இஞ்சினை மூடி, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புது பேரிங்குங்க. பதமாவற வரைக்கும் ரொம்ப மெதுவா ஓட்டணும்."

"எவ்ளோ மெதுவா?" என்றேன்.

"மாட்டு வண்டி மாதிரிங்க."

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தார். மாசி, பங்குனி, சித்திரை முழுவதும் நாங்கள் ஊர்ந்தோம். நானும் ஊர்ந்தேன், மனதார ஊர்ந்தேன். ஏனென்றால் அந்தச் சில்லை நான் பார்த்திருந்தேன்.

வைகாசியில் ஒரு விடியற்காலை, இவர் என்னை எழுப்பி, நகரி வரைக்கும் போய் வரலாமா என்றார். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. கூரையை மடக்கிப் போட்டுப் போனோம். போகும்போது அவர் ஓட்டினார், நன்றாகவே விரட்டினார். அங்கே ஒரு கடையில் சூடாக இட்லியும் காரச் சட்னியும் தின்றோம். வரும்போது நான் ஓட்டினேன். வீடு வந்து சேர்ந்தபோது மில்லில் இன்னும் காலைச் சங்கு ஊதவில்லை.