ஓசூர்க் குளிரில் தேறிய போர்டு

கேம் கன்சோலின் மதர்போர்டைச் சிறிதாக்கி வரையும் வேலை எங்கள் ஓசூர் கம்பெனிக்கு வந்தது. சிப் சிறியதானதால், அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினிய ஹீட் சிங்க்கையும் பாதியாகக் குறைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

போர்டைச் சூடேற்றிச் சோதிக்கும் பெட்டி பழுதாகிக் கிடந்தது. அது சரியாகும்வரை பொறுக்க யாருக்கும் மனமில்லை. கன்சோலை ஜன்னலோர மேசையில் வைத்து நாள் முழுக்க ஓட்டினோம். வருஷத்தில் பாதி நாள் ஃபேன் போடாத ஊர்க்காரர்களுக்கு, வெயில் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. சோதனைப் படிவத்தில் 'சரி' என்று எழுதினேன்.

டெஸ்டிங்கில் இருந்த பெண் ஒருத்திக்கு ஊர், வெயில் காயும் கல்லாவி. கான்ட்ராக்ட் ஆள். அனுமதி வாங்கி ஒரு கன்சோலை ஊருக்கு எடுத்துப்போனவள், திங்கட்கிழமை என் முன்னால் வந்து நின்றாள்.

"சார், எங்க ஊடு சிமெண்டு சீட்டு போட்டதுங்க. மத்தியானத்துல ஓட்டுனா பாதியிலயே அணைஞ்சு போவுது. தொட்டா கை சுடுதுங்க சார்."

"துணி கிணி மேல போட்டிருப்பம்மா. காத்து போயிருக்காது."

"இல்லைங்க சார். மேசை மேல சும்மாதான் வெச்சேன்."

அவள் எழுதிக் கொடுத்த தாளில் 'பயன்படுத்தியவர் தவறு' என்று கையெழுத்துப் போட்டேன். போர்டை மறுபடி வரைந்தால் கெடு தள்ளிப்போகும், என் பேர் கெடும். அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் எதுவும் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

சித்திரையில், விற்ற கன்சோல்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. எல்லாம் வெயில் ஊர்களிலிருந்து. சோதனையில் கோட்டை விட்டது யார் என்று மேலாளர் கூட்டத்தில் கேட்டார். நான் குனிந்தே இருந்தேன். பழி டெஸ்டிங் மேல் விழுந்து, அங்கிருந்த கான்ட்ராக்ட் ஆட்களை வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்று முடிவானது.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று அவள் என்னைத் தேடி வந்தாள்.

"சார், நான் முன்னாடியே எழுதிக் குடுத்தேன்னு மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார். உங்க பேச்சக் கேப்பாங்க."

"சொல்றேம்மா."

"ரொம்ப நன்றிங்க சார்." நம்பிவிட்டாள். நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஹீட் சிங்க்கைப் பெரிதாக்கிப் போர்டைத் திருத்தினேன். கோளாறைக் கண்டுபிடித்தவர் என்று மேடையில் கூப்பிட்டு எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். போய் வாங்கிக்கொண்டேன்.