கஃபீலை மூன்று சுற்று நடக்க வைத்த குழல்

எழுபதுகளின் நடுவில் பஹ்ரைனின் மனாமாவில், குதைபியா பக்கம் ஒரு லேத் பட்டறையில் என் வீட்டுக்காரர் டர்னராக இருந்தார். பட்டறைக்கு மேலேயே எங்கள் ரூம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கீழே முற்றத்தில் நடப்பது அத்தனையும் தெரியும், பேசுவதும் கேட்கும். பகலெல்லாம் பொழுது போகாத எனக்கு அதுதான் சினிமா.

எங்களுக்கு விசா கொடுத்த பட்டறை முதலாளியான கஃபீலுக்கு வேட்டைப் பைத்தியம். வருஷம் தவறாமல் ஆப்பிரிக்கா போய்க் காட்டெருமை சுட்டுவிட்டு வருவார். முந்தின வருஷம் ஜீப் கவிழ்ந்து வலது தோள் எலும்பு முறிந்து, கம்பி வைத்துச் சேர்த்திருந்தார்கள். பழைய துப்பாக்கியைச் சுமந்து நடக்க முடியவில்லை. வேறொருவனைத் தூக்கச் சொல்லிக் கைவீசிப் போக மனுஷனுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து கடையாத தடித் துப்பாக்கிக் குழல் ஒன்றை வரவழைத்து, முடிந்தவரை மெல்லிசாகக் கடைந்துகொடு என்று இவரிடம் ஒப்படைத்தார்.

இவரோ எறும்பை மிதித்தால்கூட முகம் சுண்டிப்போகிறவர். துப்பாக்கியை அதுவரை போலீஸ்காரர் தோளில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் இரும்பு விஷயத்தில் இவரை யாரும் ஏய்க்க முடியாது. வந்த குழலைத் தொடவே இல்லை. பழைய துப்பாக்கியை அக்கக்காகக் கழற்றி அளந்தார். சாதா இரும்புத் தண்டில் அதே அளவுக்குத் துளை போட்டு மூன்று மாதிரி கடைந்தார். தோட்டா வெடிக்கிற பின்பக்கம் மூன்றிலும் ஒரே பருமன். அங்கே கை வைக்கவே கூடாதாம். அதற்கு அப்புறம் ஒன்று முனைவரை தடியாகவே போனது. ஒன்று சட்டென்று இளைத்து விரல் பருமனாகிவிட்டது. இன்னொன்று கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து, முனையில் சற்றே சதைப்பிடிப்போடு நின்றது.

தடியானதைத் தூக்கியதுமே கஃபீல் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே வைத்துவிட்டார். விரல் பருமனைத் தூக்கினார். முகமெல்லாம் பல். "அச்சா! கலாஸ், இதுதான்" என்றார்.

"மாஃபி" என்றார் என் வீட்டுக்காரர்.

கஃபீலிடம் முடியாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. துப்பாக்கி இளைத்தால் சுடும்போது உதை முழுக்கத் தோளுக்குத்தான் வரும், கம்பி வைத்த எலும்பு தாங்காது என்று இவர் அரைகுறை இந்தியில் விளக்கினார். கஃபீல் சிரித்தார். வலிக்குப் பயப்படுகிற ஆளா நான் என்று மார்பைத் தட்டிக்கொண்டார்.

வலியைப் பற்றிப் பேசப் பேச வீம்புதான் ஏறும் என்று இவர் கண்டுகொண்டார். அந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரரின் மூளையை நான் மெச்சினேன். மெல்லிசு மாதிரியைத் துப்பாக்கிக் கட்டையில் பொருத்திக் கஃபீல் கையில் கொடுத்தார். இதோடு முற்றத்தை மூன்று சுற்று வேகமாக நடந்துவிட்டு, சுவரில் இருக்கும் ஆணியைக் குறி பார்க்கச் சொன்னார். கஃபீல் அசையவில்லை.

"யல்லா" என்றார் இவர், சாவகாசமாக.

கீழே லேத் எல்லாம் நின்றுவிட்டது. யல்லா என்பது கஃபீல் எங்களைப் பார்த்துச் சொல்லி விரட்டுகிற சொல். நாங்கள் அவருக்குச் சொல்வதற்கில்லை. இந்த மனுஷனுக்கோ அது 'ஆரம்பிக்கலாமுங்களா' என்கிற மாதிரி! விசாவை முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். எந்தப் பெட்டியில் எதை வைத்துக் கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

கஃபீல் இவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலில், அத்தனை வேலையாட்கள் முன்னாலும் நடந்தார். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கியது. குறி பார்த்தால் மெல்லிசு முனை ஆடு ஆடு என்று ஆடுகிறது, ஆணி அகப்படவே இல்லை. இவர் மூன்றாவது மாதிரியை மாட்டிக் கொடுத்தார். மறுபடியும் மூன்று சுற்று. முன்பக்கம் இருந்த அந்தக் கொஞ்சம் கனத்தில் முனை ஆணியிலேயே நிலைத்தது. கஃபீல் அந்த மாதிரியைத் தட்டி, இதுபோலவே கடை என்றார்.

இவர் சாப்பிட மேலே வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பொழச்சமுங்க. வேலையே போயிருக்கும்."

கை கழுவிக்கொண்டிருந்தவர் ஒன்றும் புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேலையா? அவரு தோளெலும்பு போயிருக்கும் புள்ள."