எங்கள் மார்க்கெட்டின் வெளியூர்த் தலைவர்

எங்கள் மார்க்கெட்டில் இரண்டு வரிசை. ஒரு பக்கம் துணிக்கடைகள், எதிர்ப்பக்கம் பாத்திரக்கடைகள். இரண்டுக்கும் கீரியும் பாம்பும் மாதிரி உறவு. அந்தப் பக்கத்து ஆளைச் சங்கத்துக்குத் தலைவராக்கினால் இந்தப் பக்கம் ஷட்டரை இறக்கிவிடும். அதனால் வாசலில் மேஜை போட்டுக் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரைப் பிடித்துத் தலைவராக்கினோம். வெளியூர்க்காரர், எந்த வரிசையிலும் சொந்தபந்தம் கிடையாது. அந்த ஒரு தகுதி எங்களுக்குப் போதும்.

பதவியைத் தலையில் கட்டிய கையோடு சட்டமும் போட்டோம். தலைவர் எந்தக் கடையிலும் டீ குடிக்கக் கூடாது, யாரோடும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. ஒருவர் கையால் வாங்கிக் குடித்தால் மற்றவர் சும்மா இருப்பாரா? ராஜா ஊரை ஆள்கிறார் என்று படித்தவர்கள் ஒருநாள் எங்கள் மார்க்கெட்டுக்கு வந்து பார்க்கட்டும்; இங்கே ஊர்தான் ராஜாவை ஆள்கிறது.

தலைவருக்கு இருந்த ஒரே சிநேகிதன் துணி வரிசைத் தையல்காரன். தினமும் மதியம் அவன் கடையில் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து, ஒருவர் வீட்டுச் சமையலை மற்றவர் குறை சொல்லிக்கொண்டே காலி செய்வார்கள். அது நின்றுபோனது. மனுஷன் மார்க்கெட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

பிறகு தையல்காரன் இடம் போதாமல் மிஷினை நடைபாதைக்குத் தள்ளிப் போட்டான். எதிர்க்கடைப் பாத்திரக்காரம்மா புகார் கொடுத்தார். கூட்டம் கூடியது.

"என்னை விட்டுருங்க. இந்தப் பதவியை வேற யாருக்காவது குடுங்க" என்றார் தலைவர். "அவன் விஷயத்துல என்னால தீர்ப்பு சொல்ல முடியாது. எனக்கு அலுத்துப்போச்சு."

முதல் தடவையாக இரண்டு வரிசையும் ஒரே குரலில் கத்தின. "அதெல்லாம் நடக்காது!"

"நீங்க போனா நாளைக்கே அடிதடிதான்" என்றார் பாத்திரக்காரம்மா. அது உண்மைதான்.

தலைவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மிஷினை உள்ள எடுத்துடணும்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். தையல்காரன் சாயங்காலமே மிஷினை உள்ளே இழுத்துக்கொண்டான்.

மறுநாள் மதியம் தலைவர் எங்கள் சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டு, டிபன் பாக்ஸோடு நேரே தையல்கடைக்குப் போனார். இரண்டு வரிசையும் பார்த்தன. யாரும் தடுக்கவில்லை.

தையல்காரன் சட்டென்று எழுந்தான். ஒரு வெட்டுத்துணியை எடுத்து ஸ்டூலைத் துடைத்தான். "உட்காருங்க தலைவரே" என்றான்.

"நீயும் உட்காருடா, சாப்பிடலாம்."

"இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க." சுவரோரமாகக் கைகட்டி நின்றான்.

கோபத்தில் நின்றிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். அவன் மரியாதையாக நின்றான். தலைவர் டிபன் பாக்ஸைத் திறக்காமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.